நாரை முத்திரை போட்ட வெள்ளி

சுத்தியல் சத்தம் நின்றதும் தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விடிந்ததிலிருந்து ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அது. மதில் பக்கம் ஸ்பானியர்களின் பீரங்கி முழங்கினால்கூட யாரும் தலையைத் திருப்புவதில்லை. ஆனால் அலைடாவின் பட்டறை மௌனமானதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளி தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

உள்ளே அலைடா தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். கத்தரித்த விளிம்புகள், தூள், ஒரு ஸ்பூனின் உடைந்த காம்பு என்று எல்லாவற்றையும் முறத்தில் அள்ளித் தராசுத் தட்டில் கொட்டினாள். தட்டு அசையவே இல்லை.

"இதுக்கு மேல என் பல்லத்தான் பிடுங்கணும் அம்மா. அதுவும் சொத்தப் பல்லு," என்றான் டூனிஸ். அவள் கணவன் யோஸ்ட் காலத்திலிருந்து பட்டறையில் இருக்கும் ஆள், சம்மட்டி அடிப்பவன். யோஸ்ட் காய்ச்சலில் போனபிறகு கைவினைச் சங்கத்தார் பட்டறையை அவளே நடத்தலாம் என்று விட்டிருந்தார்கள். முற்றுகை தொடங்கி ஊர்க் கஜானா வற்றியதும், ரைகர்டாம் நகர்மன்றம் நாணயம் அடிக்கும் வேலையை அவள் தலையில் கட்டியது.

நாணயம் என்றால் வட்டமும் இல்லை, அழகும் இல்லை. ஊரார் கொண்டுவந்து கொடுத்த வெள்ளித் தட்டுகளைக் கத்தரியால் சதுரம் சதுரமாக வெட்டி, அச்சை வைத்து ஒரே அடி. ஊர்ச் சின்னமான நாரை ஒரு பக்கம் பதியும். மறுபக்கம் வெறுமை. வெறுமை என்றும் சொல்லிவிட முடியாது. யாருடைய கல்யாணத் தட்டிலோ செதுக்கியிருந்த திராட்சை இலை பாதி தெரியும், மணமகளின் பெயரில் ஓர் எழுத்து தெரியும். உருக்கி வார்க்க நேரமும் இல்லை, கரியும் இல்லை.

இத்தனை அவசரத்துக்குக் காரணம் சந்தைச் சதுக்கத்தில் உட்கார்ந்திருந்தது. ஊர் கூலிக்கு அமர்த்திய ஜெர்மன் படை. மாதக்கணக்கில் சம்பளம் வராமல், நேற்று பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு மதிலேற மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஆற்று வாசல் காவல் மட்டும் அவர்கள் கையை விட்டுப் போகவில்லை. நினைத்தால் அதை ஸ்பானியர்களுக்குத் திறந்துவிடலாம். சாயங்கால மணி அடிப்பதற்குள் எல்லாருக்கும் முழுச் சம்பளம் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வராவிட்டால் என்ன என்று கேட்கும் தைரியம் நகர்மன்றத்தில் யாருக்கும் இல்லை.

வாசலில் நிழல் விழுந்தது. ஃப்ளோரிஸ். யோஸ்ட்டின் சித்தப்பா மகன். இப்போது நகர்மன்ற உறுப்பினன். முற்றுகையில் கன்னம் ஒட்டி, சட்டைக் கழுத்து பெரிதாகிப்போயிருந்தது.

"அண்ணி, எவ்வளவு தேறுச்சு?"

"பாதிப் பேருக்கு வரும்."

"பாதிப் பேருக்குக் குடுத்தா மீதிப் பேரு அவனுங்களையும் குத்துவான், நம்மளையும் குத்துவான்." உட்காரப் போனவன் உட்காரவில்லை. "இந்த ஊர்ல எந்த வீட்டு அலமாரியில என்ன வெள்ளி இருக்குன்னு இந்தப் பட்டறைக்குத் தெரியும். யாரு ஒளிச்சு வச்சிருக்கா? பேர மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அலைடா முறத்தைச் சுவரில் சாய்த்தாள். சாய்ந்த முறம் விழுந்தது. மறுபடி சாய்த்தாள். பியர் வடிக்கிறவன் மனைவி இரண்டு உப்புக் கிண்ணத்தை மறைத்திருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். பத்திரம் எழுதுகிறவர் வீட்டில் ஒரு மூடி போட்ட கோப்பை. இதையெல்லாம் பறித்தால் சாபம்தான் மிஞ்சும், சம்பளம் தேறாது. தேறுகிற மாதிரி ஒரே ஒரு பொருள்தான் இந்த ஊரில் இருந்தது. அதை அவள் வாய்விட்டுச் சொல்ல முடியாது.

"குடுக்க முடிஞ்சவங்க குடுத்துட்டாங்க," என்றாள்.

"ஜெர்மன்காரன் வேற ஒரு வழி சொல்றான். அவனுங்களே வீடு வீடா பூந்து தேடிக்கறானாம்." ஃப்ளோரிஸ் குரலைத் தாழ்த்தினான். "வெள்ளிய மட்டுமா தேடுவான்? எல்லா வீட்லயும் பொண்ணுங்க இருக்காங்க, அண்ணி."

டூனிஸ் கையிலிருந்த சம்மட்டியை இறக்கி வைத்தான்.

"மணி அடிக்கற வரைக்கும் ஒருத்தனையும் எந்த வீட்டுப் படியும் ஏற விடாத," என்றாள் அலைடா. "நான் கொண்டுவரேன்."

"எங்கேருந்து?"

"அதக் கேக்கக்கூடாது. கேக்க மாட்டேன்னு சொல்லு."

ஃப்ளோரிஸ் வாசல் பக்கம் திரும்பினான். "கேக்கல," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நேராகப் போகாமல் தோல் பதனிடும் சந்து வழியாகச் சுற்றிப் போனாள். பாதி வழியில் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. திரும்பி நாலடி வைத்தாள். சதுக்கத்திலிருந்து ஜெர்மன்காரர்கள் ஏதோ பாட்டுக்குக் கையைத் தட்டும் சத்தம் வந்தது. அந்தத் தாளம் பிடிக்காமல் மறுபடி சந்துக்குள்ளேயே நடந்தாள்.

ஓடிலியாவும் அவளும் சிறு வயதில் கன்னியர் மடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சரிகைப் பின்னல் கற்றவர்கள். பிறகு ஊர் மதம் மாறியது, மடம் மூடியது. அலைடா ஊரோடு புதிய சபைக்குப் போனாள், ஓடிலியா போகவில்லை. துணி வியாபாரியின் விதவையாகக் கதவைச் சாத்திக்கொண்டு வாழ்ந்தாள். அந்தக் கதவுக்குப் பின்னால் அவளுடைய மாமா வெண்டெலின் சாமி இருந்தார். பழைய பெரிய கோயிலின் பாதிரியார். கூட்டம் கோயிலுக்குள் புகுந்து சுரூபங்களை உடைத்த நாளில், நற்கருணை அப்பத்தை வைத்துத் தூக்குகிற, சுற்றிலும் சூரியன்போலக் கதிர்கள் நீண்ட வெள்ளிக் கதிர்ப்பாத்திரத்தை மாவு மூட்டைக்குள் திணித்து எடுத்து வந்தவர். அதைத் திருடர்கள் கொண்டுபோனதாக ஊர் நம்பியது. சாமி கொலோன் நகருக்கு ஓடிவிட்டதாகவும் நம்பியது.

போன வருடம் ஓடிலியா ஒரு துணி மூட்டையோடு பட்டறைக்கு வந்தாள். வளைந்துபோன கதிர்களை நிமிர்த்திக் கொடு என்று கேட்டாள். டூனிஸை வெளியே அனுப்பிவிட்டு அலைடாவே நிமிர்த்திக் கொடுத்தாள். பழைய பழக்கத்துக்காகக் கொஞ்சம், கூலிக்காகக் கொஞ்சம். அன்றைக்கு அது குற்றம் மட்டும்தான். இன்றைக்கு மதிலுக்கு வெளியே ஸ்பானியர்களின் கத்தோலிக்க ராஜாவின் படை நிற்கும்போது, அந்த வீட்டில் ஒரு பாதிரியார் இருப்பது தெரிந்தால் உளவாளி என்று சொல்லி ஆற்றில் அமுக்கிவிடுவார்கள்.

ஓடிலியா கதவைத் திறந்ததும் வாளியைத்தான் முதலில் பார்த்தாள்.

"தண்ணி எடுக்க வந்தியா?"

"உள்ள விடு."

உள்ளே குளிர். நாற்காலிகளை எரித்துவிட்டிருந்தார்கள். படையின் சம்பளத்துக்குக் கதிர்ப்பாத்திரம் வேண்டும் என்று அலைடா நின்றபடியே சொன்னாள். சுற்றி வளைக்கத் தெரியவில்லை.

ஓடிலியா சிரித்தாள். "அதான பாத்தேன். முற்றுகை ஆரம்பிச்சதுலேருந்து எட்டிப் பாக்காதவ வாளியத் தூக்கிட்டு வராளேன்னு. அன்னைக்கு ஒரு கூட்டம் கோயில ஒடைச்சுது. அதுல தப்பிச்சத நீ ஒடைக்க வந்திருக்க. சபாஷ்டி."

"அவனுங்க வாசலத் தொறந்து விட்டுட்டா?"

"தொறக்கட்டுமே. வெளிய நிக்கறவன் எங்க ஆளுதான?"

"அவன் உள்ள வந்தா நீ எந்தக் கோயிலுக்குப் போறன்னு கேட்டுட்டா கைய வைப்பான்? பக்கத்து ஊர்ல கேட்டானா? அங்க உன் அத்த மக என்ன ஆனான்னு எனக்குச் சொன்னதே நீதான்."

ஓடிலியாவின் முகம் மாறியது. "தர மாட்டேன். போயிடு. வேணும்னா உன் ஆளுங்கள அனுப்பு. அவங்களுக்கு எடம் தெரியும், நீதான் சொல்லுவியே."

"சொல்றதா இருந்தா நான் ஏன்டி வாளியோட வந்து நிக்கறேன்?"

மாடிப்படியில் இருமல் கேட்டது. வெண்டெலின் சாமி சுவரைப் பிடித்தபடி இறங்கி வந்தார். கம்பளிக்குள் எலும்பும் தாடியுமாக இருந்தார்.

"ரெண்டு பேரும் கத்தற கத்துல பூனைக்கும் வெவரம் தெரிஞ்சிருக்கும். ஆமா, பூனைய எப்பவோ சாப்ட்டாச்சு இல்ல?" என்றார். பிறகு எரிச்சலோடு, "குடுத்துத் தொலை, ஓடிலியா. அதுல வைக்க அப்பத்துக்கு மாவு கெடையாது. பாக்க ஜனம் கெடையாது. வெறும் கூடு. வெள்ளிதான அது? வெள்ளிக்கா நாம முழந்தாள் போட்டோம்?"

"மாமா, நீங்க பசியில பேசறீங்க."

"பசியிலதான் பேசறேன். வேற எதுல பேசறது?"

ஓடிலியா அவர் தோளிலிருந்து நழுவிய கம்பளியை இழுத்துவிட்டாள். பிறகு அடுப்படிக்குள் போய்த் தரைக்கல்லைப் பெயர்த்தாள். துணியைப் பிரித்து அதை மேசையில் நிறுத்தியபோது அந்த இருட்டு அறையில் தங்க முலாம் பூசிய கதிர்கள் மினுங்கின. நடுவில் சின்னக் கண்ணாடி வட்டம். அலைடா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அதை நம்புவதை விட்டு வருடங்கள் ஆகியும், முழங்கால் தானாக மடங்கப் பார்த்தது.

அதைப் பார்த்ததும் சாமியின் முகம் கோணியது. கிட்டே வந்து இரண்டு கையாலும் தண்டைப் பிடித்தார்.

"வேண்டாம்," என்றார். "வேண்டாம், வேண்டாம். நான் சொன்னது தப்பு. இத நான் தூக்கிட்டு தெருவுல வந்தா மழை பெஞ்சாலும் ஜனம் சேத்துல முழந்தாள் போடும். வேண்டாம் கண்ணு. உள்ள வச்சிரு."

எங்கோ பீரங்கி வெடித்து ஜன்னல் அதிர்ந்தது. அவர் அதைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அலைடா வாளியைக் கையில் எடுத்துக்கொண்டாள். முடியாது, போய்விடலாம் என்று வாசல் பக்கம் திரும்பியும்விட்டாள்.

"நில்லுடி," என்றாள் ஓடிலியா.

அவள் சாமியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கோபமில்லாமல், சட்டைப் பொத்தான் கழற்றுவதுபோலப் பிரித்தாள். கண்ணாடி வட்டத்தைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்து மூடினாள். பிறகு பாத்திரத்தைத் தரையில் கிடத்தி, பெயர்த்த தரைக்கல்லைத் தலைக்கு மேல் தூக்கி அடித்தாள். முதல் அடியில் கதிர்கள் வளைந்தன. இரண்டாவது அடியில் தண்டு முறிந்தது. அவள் அழவில்லை, ஒவ்வொரு அடிக்கும் மூச்சை மட்டும் உறுமலாக விட்டாள். உருவம் தெரியாமல் போனபிறகும் அடித்துக்கொண்டிருந்தாள். அலைடாதான் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

"தொடாத," என்றாள் ஓடிலியா. "அள்ளிட்டுப் போ."

வாளியில் அள்ளி மேலே அடுப்புச் சாம்பலைக் கொட்டிக்கொண்டு அலைடா வெளியே வந்தாள். பொழுது மேற்கே சாய ஆரம்பித்திருந்தது. ஓடக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓடினாள். தோல் பதனிடும் சந்தின் முனையில் ஒருவன் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். லீன்ஹார்ட். ஜெர்மன் படையின் சார்ஜெண்ட். சம்பளப் பேச்சுக்கெல்லாம் படை அனுப்பும் ஆள்.

"அடடே, பட்டறையம்மா! உங்க சுத்தியல் தூங்கிடுச்சேன்னு பசங்க கவலப்படறாங்க. வாளியில என்ன?"

"சாம்பல்."

"சாம்பலுக்கா இந்த ஓட்டம்?" அவன் எழுந்து வந்து சாம்பலுக்குள் கையை விட்டான். வெளியே வந்த கையில் ஒரு கதிர் இருந்தது. நீண்டு, நுனி கூர்த்து, முலாம் பூசிய கதிர். அதை விரலில் புரட்டினான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"என் புருஷன் செஞ்ச கிண்ணத்தோட விளிம்பு," என்றாள் அலைடா. "குடு."

"கிண்ணத்துக்கு யாரும்மா கதிர் வைப்பாங்க?" அவன் சுற்றும்முற்றும் பார்த்தான். குரல் இறங்கியது. "எங்க ஊரு ரைன் ஆத்தங்கரை. நற்கருணைத் திருநாளுக்கு இத மாதிரி ஒண்ணத் தூக்கிட்டு வருவாங்க. மேல குடை புடிக்க நாலு பேரு வேணும். ரெண்டு வருஷம் நான் புடிச்சிருக்கேன். இது என்னன்னு எனக்குச் சொல்லாதீங்க."

அவள் வாளியின் பிடியை விடவில்லை. "உனக்குச் சம்பளம் வேணுமா வேணாமா?"

"வேணும்மா. வேணாம்னு சொல்ல நான் என்ன புனிதனா?" கதிரைச் சாம்பலுக்குள் ஆழமாகச் செருகினான். "பசங்களுக்குத் தெரிஞ்சா பாதிப் பேரு இதத் தொடமாட்டான். மீதிப் பேரு இது வந்த வீட்ட இடிச்சுப் பாப்பான், இன்னும் இருக்கான்னு. ரெண்டும் நல்லதில்ல. குடுங்க இப்படி."

வாளியை அவனே வாங்கிக்கொண்டான். சதுக்கத்தைக் கடந்துதான் போக வேண்டும். கூட்டம் கூட்டமாகக் கிடந்த ஆட்களுக்கு நடுவே, கையை விறைப்பாக நீட்டி, வாளி ஆடாமல் தூக்கிக்கொண்டு நடந்தான். "என்ன சார்ஜெண்ட், பால் கறந்துட்டு வரியா?" என்று எவனோ கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். "உங்கம்மாகிட்டதான் கறந்தேன், கொஞ்சம்தான் வந்துச்சு," என்று திருப்பிக் கொடுத்தானே தவிர, நடையை மாற்றவில்லை.

பட்டறையில் கரி இல்லை. இதை வெட்டி அடிக்க முடியாது, உருக்கியே ஆக வேண்டும். ஒரு கதிர் நுனி நாணயத்தில் தெரிந்தாலும் போதும், எங்கிருந்து வந்தது என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அலைடா சுற்றிலும் பார்த்தாள். யோஸ்ட் உட்கார்ந்து வேலை செய்த ஓக் மரப் பட்டறைப் பலகை இருந்தது.

"அம்மா, அது வேண்டாமே," என்றான் டூனிஸ்.

"கோடரிய எடு."

துருத்தியை டூனிஸ் மிதித்தான். அலைடா வெள்ளி உருக்கும் மண்கிண்ணமான மூசையைக் குறடால் பிடித்துத் தணலுக்குள் தள்ளினாள். லீன்ஹார்ட் கதவில் முதுகைச் சாய்த்து யாரும் உள்ளே வராதபடி நின்றான். வெள்ளி முதலில் முரண்டு பிடித்தது, பிறகு ஓரங்கள் தளர்ந்தன, பிறகு சட்டென்று மொத்தமும் வெளிச்சமான குழம்பாகி நடுங்கியது. முலாமைப் பிரித்தெடுக்க நேரமில்லை. தங்கமும் அதிலேயே கலந்தது. கல்லில் ஊற்றி, தகடாக அடித்து, சூடு ஆறும் முன்பே கத்தரி போட்டாள். கை கொப்பளித்தது. நாரை, நாரை, நாரை என்று டூனிஸின் சம்மட்டி விழுந்துகொண்டே இருந்தது. ஊர் மறுபடி அந்தச் சத்தத்தைக் கேட்டது.

ஃப்ளோரிஸ் பையோடு வந்தபோது கோயில் கோபுரத்தில் மணிக்காரன் ஏறிக்கொண்டிருந்தான். ஃப்ளோரிஸ் ஒரு காசை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"அண்ணி, கொஞ்சம் மஞ்சள் அடிக்குதே?"

"கேக்க மாட்டேன்னு சொன்ன."

மணி அடித்தபோது சதுக்கத்தில் கடைசி ஆளுக்குச் சம்பளம் போய்க்கொண்டிருந்தது. ஜெர்மன்காரர்கள் பல்லால் கடித்துப் பார்த்தார்கள், முணுமுணுத்தார்கள், பூட்ஸை மாட்டினார்கள். அரைகுறை இருட்டில் ஆற்றில் சத்தம் வராமல் துணி சுற்றிய துடுப்புகளோடு ஸ்பானியர்களின் படகுகள் வந்தபோது ஆற்று வாசல் சாத்தியிருந்தது. யாரோ உள்ளே இருந்து திறப்பார்கள் என்று நம்பி வந்த படகுகள் அவை. எவன் எவ்வளவுக்கு விலை பேசியிருந்தான் என்பது கடைசிவரை வெளியே வரவில்லை. விலை பேசியவனும் மற்றவர்களோடு சேர்ந்து மதில் மேலிருந்து சுட்டிருப்பான். படகில் வந்தவர்களில் கொஞ்சம் பேர்தான் திரும்பினார்கள்.

மறுநாள் லீன்ஹார்ட்டை அவள் பியர் கடை வாசலில் பார்த்தாள். நேற்று வாங்கிய காசைப் பலகையில் தட்டித் தண்ணீர் கலந்த பியர் வாங்கிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கொஞ்சம் கூசினான்.

"தாகத்த ஆண்டவர் மன்னிப்பாரும்மா," என்றான்.

மஞ்சள் காசு பேச்சு மெல்லப் பரவியது. யோஸ்ட்டிடம் இவ்வளவு முலாம் பூசிய வெள்ளி இருந்ததா? இருந்தால் முதல் நாளே ஏன் வரவில்லை? எங்கள் கல்யாணத் தட்டையெல்லாம் வெட்டிக்கொண்டு, தன்னுடையதை ஒளித்து வைத்திருக்கிறாள். பியர் வடிக்கிறவன் மனைவிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னாள். வெள்ளியை மறைத்தவர்கள் நகர்மன்றப் படியில் ஒரு நாள் காலைப்பொழுது முழுக்க நிற்க வேண்டும் என்பது முற்றுகைச் சட்டம். அதை எழுதியவர்களில் ஃப்ளோரிஸும் ஒருவன்.

அவன் பட்டறைக்கு வந்து தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான். "எங்கேருந்து வந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க அண்ணி. நான் இத நிறுத்திடறேன்."

"என்னோடதுதான்."

"இல்லன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா என்ன ஏன் கேக்கற? நின்னுட்டு வரேன். காலு என்ன தேஞ்சா போகும்?"

சொல்லும்போது இருந்த துணிச்சல் படியில் ஏறியதும் போய்விட்டது. குளிர் காற்று. கீழே கூட்டம். "வெட்கங்கெட்டவளே!" என்றார்கள். "எம் புள்ளையோட ஞானஸ்நான ஸ்பூன வெட்டுனியே, உன் வீட்டுத் தட்டு மட்டும் இனிச்சுதா?" என்று ஒரு தாய் கேட்டாள். அதற்கு மட்டும் அலைடாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்த ஸ்பூன் அவளுக்கு நினைவிருந்தது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றாள். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உண்மையைக் கத்திவிடலாம் என்ற வெறி தொண்டைவரை ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

கூட்டம் விலகியது. ஓடிலியா கறுப்பு அங்கியில் படியேறி வந்தாள். அவளைத் தெருவில் பார்த்தே ரொம்ப நாளாகியிருந்ததால் எல்லாரும் வாயை மூடினார்கள். அவள் வந்து அலைடாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

வாசலிலிருந்து ஃப்ளோரிஸ் இறங்கி வந்தான். "நீங்க எதுக்கு இங்க?"

"அவ குடுத்த வெள்ளி என் வீட்டுது. என் கல்யாணச் சீர். நான்தான் பேர் சொல்லாதன்னு கேட்டுக்கிட்டேன். ஒளிச்சவளுக்குத்தான தண்டனை? நிக்கறேன்."

ஃப்ளோரிஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். சீருக்கு யாரும் அவ்வளவு முலாம் பூச மாட்டார்கள் என்று அவனுக்கும் தெரிந்திருக்கும். "சரி, நில்லுங்க," என்று உள்ளே போய்விட்டான்.

கூட்டத்துக்கு என்ன கத்துவது என்று புரியவில்லை. ஒருத்தியைத் திட்டுவது சுலபம். கொடுத்த இரண்டு பேரும் நிற்கும்போது திட்டு தடுமாறியது. கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தார்கள்.

"உன்ன யாரு வரச் சொன்னா?" என்றாள் அலைடா உதட்டை அசைக்காமல்.

"வாய மூடு. உனக்காக ஒண்ணும் வரல. வீட்ல இருக்க முடியல."

"சாமி எப்படி இருக்காரு?"

"அந்தக் கண்ணாடிய விட மாட்டேங்கறாரு. தூங்கும்போதும் கைக்குள்ளயே."

நண்பகல் மணி அடிக்கும்வரை இருவரும் நின்றார்கள்.

பத்து நாளுக்குள் வெண்டெலின் சாமி போய்விட்டார். பசிதான். ஓடிலியா சொல்லி அனுப்பவில்லை. அலைடா வேறு எதற்கோ போனபோது தெரிந்தது. பின்கட்டுத் தோட்டத்தில், முள்ளங்கி போட்டிருந்த பாத்தியில், இரண்டு பெண்களுமாகக் குழி தோண்டினார்கள். ஓடிலியா இலத்தீனில் தெரிந்ததைச் சொன்னாள். தெரியாத இடம் வந்ததும் நிறுத்தினாள். அலைடாவுக்கு அந்த வரி ஞாபகம் இருந்தது, மடத்தில் படித்தது. சொன்னாள். ஓடிலியா அவளைப் பார்க்காமல் அதைத் திருப்பிச் சொல்லி முடித்தாள்.

அதற்கடுத்த வாரம் வடமேற்குக் காற்று அடித்தது. ஊரை மீட்க வந்த நேசப்படையினர் அணையை வெட்டி விட்டார்கள். தண்ணீர் வயல்களில் ஏறி ஸ்பானியர் கூடாரங்களுக்குள் புகுந்தது. அந்தத் தண்ணீரில் தட்டைப் படகுகள் ஹெர்ரிங் மீனும் ரொட்டியுமாக வந்து சேர்ந்தன. ஊர் அழுதது, வாந்தியெடுத்தது, மறுபடி தின்றது. ஜெர்மன்காரர்கள் மிச்சச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு அடுத்த சண்டையைத் தேடிப் போனார்கள். நாரை போட்ட சதுரக் காசுகளை வாங்கிக்கொண்டு நல்ல கில்டர் நாணயம் தருவதாக நகர்மன்றம் அறிவித்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தந்தும் வந்தது.

ஓடிலியா வீட்டை விற்றாள். கொலோனில் அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள். படகேறும் அன்று அலைடா துறைக்குப் போனாள். கூப்பிடாமல் போவது அவளுக்குப் பழகிவிட்டிருந்தது. மூட்டைகளை ஏற்றி முடித்தபிறகு ஓடிலியா அவள் அருகில் வந்தாள். இருவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நீ வந்து கேட்டது சரின்னு நான் இன்னும் நெனைக்கல," என்றாள் ஓடிலியா.

"நானும் நெனைக்கல."

"வாசலத் தொறந்து விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னும் தெரியும். தெரிஞ்சும் நெனைக்கல."

"சரிடி."

"சரிடின்னா என்னடி அர்த்தம்?"

"குளிருது, கம்பளிய நல்லா போத்திக்கோன்னு அர்த்தம்."

ஓடிலியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். படகுக்காரன் கயிற்றை அவிழ்த்துவிட்டுச் சத்தம் போட்டான். அவள் ஏறிப் போய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். வளைவு வரைக்கும் கறுப்பு அங்கி தெரிந்தது.

பட்டறையில் டூனிஸ் புதுப் பலகை போட்டு வைத்திருந்தான். பைன் மரம், பிசின் வாடை அடித்தது. ஒரு கம்மலுக்குத் திருகு வைக்க வேண்டிய வேலை அதன்மேல் கிடந்தது. அலைடா உட்கார்ந்து அதைக் கையில் எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"உக்காரவே முடியலயா அம்மா? பலக ஆடுதா?"

"இல்ல, நல்லாத்தான் இருக்கு."

அவள் எழுந்து வெளியே போனாள். மதில் மேல் ஏறி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றினாள். கீழே வயல்களில் தண்ணீர் இன்னும் வடியவில்லை. ஓடிலியாவின் படகு போன வளைவில் எதுவும் தெரியவில்லை. இரண்டாவது சுற்றிலும் கால் நிற்கவில்லை. ஆற்று வாசலைக் கடக்கும்போது காவலில் இருந்த புது ஆள் வணக்கம் சொன்னான். அவள் தலையசைத்துவிட்டு நடந்துகொண்டே இருந்தாள்.